அபாயச் சங்கு ஓயும்வரை

என் கணவருடைய மூளை வேலை செய்வது அபூர்வம். செய்தால் எனக்குத் தலையிடி நிச்சயம். டென்மார்க்கில், விபோர்க் நகரத்தில், எங்கள் வீட்டு நிலவறையில் மகளும் சிநேகிதிகளும் றொக் பாட்டுப் பழகத் தொடங்கிய முதல் கிழமையே, பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் என்ன சொல்வாரோ என்று நான் புலம்பத் தொடங்கிவிட்டேன். இவர் எழும்பிக் கீழே போனார். நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கும் அரிசி எங்கள் நிலவறையில்தான் இருக்கும். அந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து, சின்ன ஜன்னலை மூடி, சுவர் நீளத்துக்கு அடுக்கிவிட்டு மேலே வந்தார்.

"இனி ஒரு சத்தமும் வெளியில கேளாது. போய்ப் பாரும்."

போய்ப் பார்த்தேன். மூட்டைச் சுவர், ஒற்றை மின்குமிழ், அதன் கீழே குந்தியிருந்த நான்கு பெண் பிள்ளைகள். படிக்கட்டின் பாதியில் என் கால்கள் நின்றுவிட்டன. திரும்பி மேலே வந்துவிட்டேன்.

"இஞ்சேரப்பா, அதை எடுங்கோ. பங்கர் மாதிரிக் கிடக்கு."

"அரிசி மூட்டையெல்லே?"

"மண் மூட்டையும் உப்பிடித்தான் இருக்கும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் என் பள்ளிக்கூடக் காலத்தில் பாதி பங்கருக்குள் போனது. அந்த ஈரமண் மணம் டென்மார்க்கிலும் எப்போதாவது மூக்கில் ஏறும். ஆனால் டேனிஷ்காரர் முறைப்பாடு கொடுப்பதைவிட இது மேல் என்று மூட்டைகளை விட்டுவிட்டேன். சோறு சமைக்க அரிசி எடுக்க மட்டும் அவரையே அனுப்பினேன்.

அந்தப் பிள்ளைகளில் மூன்று பேர் உக்ரைனிலிருந்து வந்தவர்கள். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். அங்கே நால்வராகப் பாண்ட் நடத்தியவர்கள். போர் தொடங்கி ஓடியபோது பேஸ் கிற்றார் வாசித்தவள் போலந்தில் தங்கிவிட்டாள். மற்ற மூவரையும் ஒருத்தியின் சித்தி இங்கே கூப்பிட்டுச் சேர்த்துவிட்டாள். என் மகள் தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பவள். கிம்னாசியம் என்கிற உயர்தரப் பள்ளியில் இவர்களோடு ஒரே வகுப்பு. பேஸுக்கு நாலு தந்திதானே என்று போய் ஒட்டிக்கொண்டாள். பெயர்கள் என் நாக்கில் புரளவில்லை. ஆகவே எனக்கு அவர்கள் பாட்டுப் பிள்ளை, கிற்றார் பிள்ளை, ட்ரம்ஸ் பிள்ளை. நால்வரும் டேனிஷில்தான் கதைப்பார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் பிடித்த டேனிஷ், இருபத்தைந்து வருடமாக வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் என்னுடைய டேனிஷைவிடத் திறம்.

ட்ரம்ஸ் பிள்ளை சித்தியோடு இருந்தாள். தகப்பன் சின்ன வயதிலேயே விட்டுப் போனவர். தாய் ஊரிலேயே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைத் தாதி. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் பிள்ளையின் முகத்தில் எந்த நேரமும் ஒரு காது திறந்திருப்பது போன்ற ஒரு பார்வை இருக்கும். நான் அதைப் பார்க்காத மாதிரி றோல்ஸ் தட்டை நீட்டுவேன். ஐந்து ஆறு என்று சாப்பிடுவாள். அந்த மட்டில் நிம்மதி.

ஒரு பின்னேரம் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று அதற்கு மேலாக ஒரு அபாயச் சங்கு அலறியது. பிறகு ஒரு ஆண்குரல், விளங்காத மொழியில் கட்டளை போட்டது. எங்கள் ஊரில் சங்கு ஊதி யாரும் எங்களை எச்சரித்ததில்லை. குண்டு போடும் பொம்மர் விமானம் வருகிற இரைச்சல்தான் எங்களுக்கு எச்சரிக்கை. ஆனாலும் என் உடம்புக்கு எப்படியோ விளங்கிவிட்டது. கத்தியைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். ஐம்பதை எட்டப்போகிற பொம்பிளை, டென்மார்க்கில், சொந்தக் குசினியில்.

எழும்பிக் கீழே ஓடினால், அவர்கள் வாசிப்பதை நிறுத்தவே இல்லை. முன்னைவிட வேகமாக வாசித்தார்கள். ஒரு பாட்டு முடிய இடைவெளி விடாமல் அடுத்தது. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஒரு டெலிபோன் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. ட்ரம்ஸ் பிள்ளை கண்ணை அதிலிருந்து எடுக்காமல் அடித்தாள். கனநேரத்துக்குப் பிறகு டெலிபோனில் வேறொரு சத்தம் வந்து பச்சையானது. அந்த நொடியே எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். அவள் குனிந்து ஏதோ எழுதினாள், பதில் வந்தது, முகம் துடைத்தாள்.

மகள் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினாள். அது ஊரில் விமானத் தாக்குதல் எச்சரிக்கை தரும் செயலியாம். ஊரில் சங்கு ஊதினால் இங்கே டெலிபோனிலும் ஊதும். முதல் தடவை ஊதியபோது ட்ரம்ஸ் பிள்ளை சும்மா இருக்க ஏலாமல் அடித்துக்கொண்டே இருந்தாளாம். ஆபத்து நீங்கியதும் தாயிடமிருந்து செய்தி வந்ததாம். அன்றிலிருந்து அதுதான் பாண்டின் சட்டம்: சங்கு ஊதினால் ஓயும்வரை வாசிக்கவேண்டும். ஒருத்தரும் இடையில் நிறுத்தக் கூடாது.

"விசர் வேலை" என்றார் என் கணவர்.

எனக்கு அது பைத்தியமாகத் தெரியவில்லை. மடுக் கோயில் மாதாவுக்கு நேர்த்திக்கடன் வைத்து, அது முடியும்வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்த சனத்துக்குள் பிறந்தவள் நான். நேர்த்தியை இடையில் விட்டால் என்ன நடக்கும் என்ற பயமும் எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். ஒரு நாள் கை சோர்ந்து, அல்லது மின்சாரம் போய், இந்தப் பிள்ளை இடையில் நிறுத்த நேர்ந்து, அன்றைக்குப் பார்த்துத் தாய்க்கு ஏதாவது நடந்துவிட்டால், இவள் சீவியம் முழுக்க அதைச் சுமப்பாளே.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று என் வீட்டுக்குள்ளேயே முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், இறைச்சிக் கறிக்கு நடுவே, அந்தச் சங்கு அலறியது. கீழே ஒருவரும் இல்லை. மகளின் சட்டைப் பையிலிருந்து வந்தது. அவளும் அந்தச் செயலியைப் போட்டிருக்கிறாள்.

"அழி அதை" என்றேன்.

"மாட்டேன்" என்றாள் டேனிஷில்.

"உனக்கென்ன அந்த ஊரில? உதெல்லாம் உனக்கு வேண்டாமெண்டுதானே நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது."

"அவள் என் சிநேகிதி. அவளுக்கு ஊதினால் எனக்கும் ஊதட்டும்" என்று சொல்லிவிட்டு, தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கீழே போனாள். பேஸ் கிற்றார் தனியாக, டும் டும் என்று, தரை வழியே என் பாதத்துக்கு ஏறியது. எனக்குக் கோபமா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும்தான். என்ன பிள்ளை பெத்து வைத்திருக்கிறேன் என்று ஒரு பெருமையும் அடியில் கிடந்தது, பொய் சொல்லக்கூடாது.

மாரிக் குளிர் முடிகிற காலத்தில் ஒரு நாள் ட்ரம்ஸ் பிள்ளை டெலிபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வீடியோவில் தாய். எனக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். என் வயது இருக்கும். கண்ணை மூடித் திறந்து தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். பாஷை இல்லாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் திரையைக் கூர்ந்து பார்த்தேன்.

அந்தத் தாய் டெலிபோனை முகத்தோடு ஒட்டப் பிடித்திருந்தாள். நெற்றியிலிருந்து நாடி வரைதான் திரையில். பின்னால் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்குள் இருப்பதாகப் பிள்ளையிடம் சொன்னவள் கம்பளித் தொப்பியும் நாடிவரை ஏறிய தடித்த ஜக்கெற்றும் போட்டிருந்தாள். குரல் எதிரொலியே இல்லாமல், மண்ணுக்குள்ளிருந்து வருவது போல அமுங்கி வந்தது. அப்படி அமுங்கிய குரல் எனக்குத் தெரியும். அடுத்த தடவை கதைத்தபோதும் அதே நெற்றி, அதே நாடி.

என் அம்மாவும் இப்படித்தான். நான் டென்மார்க் வந்த புதிதில் டெலிபோனில் கிடைக்கும் போதெல்லாம், "நாங்கள் வீட்டிலதான் பிள்ளை இருக்கிறம், ஒரு பிரச்சினையும் இல்லை" என்பா. அந்த வீட்டை விட்டு ஓடி, மூன்றாவது இடத்தில், யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டிலில் இருந்துகொண்டு சொன்ன வார்த்தை அது என்று பிறகுதான் தெரிந்தது.

கணவரிடம் சொன்னேன். "அந்த மனிசி ஊரில இல்லை. வேறை எங்கேயோ, சண்டை நடக்கிற பக்கமா நிக்கிறா."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சால் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும். தாய் சொல்லாததை நீர் ஏன் சொல்லப்போறீர்?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே சங்கு ஊதும். பிள்ளைகள் விழுந்து விழுந்து வாசிப்பார்கள். பச்சை வரும். சிரிப்பார்கள். நான் மேலே நின்று, இது வேறு ஊருக்கான பச்சை, இதை நம்பிச் சிரிக்கிறார்களே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஊதாத நாட்களில் அதைவிட மோசம். இங்கே பேசாமல் கிடக்கிற இந்த நேரத்தில் அங்கே என்ன விழுகிறதோ. இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டும்போதும் கை தன்பாட்டில் சோப் போடும், மனம் முன்பின் தெரியாத ஒருத்தியின் ஜக்கெற்றில் நிற்கும்.

கோடை பிறந்ததும் நகரத் திடலில் இளையவர்களின் பாட்டு நிகழ்ச்சி வைத்தார்கள். எங்கள் பாண்டுக்கும் மூன்று பாட்டுக் கிடைத்தது. சனிக்கிழமைப் பின்னேரம். நல்ல வெயில். என் கணவருக்கு அன்று தொழிற்சாலையில் வேலை, அதனால் நான்தான் எங்கள் வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனேன். மேடைக்குப் பக்கத்தில் நின்ற என் கையில் ட்ரம்ஸ் பிள்ளை தன் டெலிபோனைத் தந்தாள்.

"சிவப்பானால் கையை உயர்த்துங்கள். நாங்கள் நிறுத்தமாட்டோம்."

இரண்டு கையாலும் பிடித்தேன். மூன்று பாட்டையும் நான் கேட்கவில்லை. அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊதவில்லை. சனம் கைதட்டியது. என் மகள் குனிந்து கும்பிட்டதை மட்டும் கண்டேன். மற்றதெல்லாம் பிறகு வீடியோவில்தான்.

ட்ரம்ஸ் பிள்ளை வியர்வையோடு குதித்து இறங்கி, டெலிபோனை வாங்கி, தாய்க்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். திடலைக் காட்டவேண்டும் அவளுக்கு. தாய் உடனே எடுத்துவிட்டாள். காத்திருந்திருப்பாள் போல. பிள்ளை டெலிபோனைச் சுற்றிச் சுற்றிக் காட்டிச் சிரித்துக் கதைத்தாள்.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து சங்கு ஊதியது.

தாயின் பக்கத்தில். பிள்ளையின் செயலி ஒரு சத்தமும் போடவில்லை. அவள் விரலால் தட்டிப் பார்த்தாள். ஊர் பச்சையாகவே இருந்தது. திரும்பத் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் கையால் டெலிபோனைப் பொத்தினாள். திரை கறுத்தது, சத்தம் மட்டும் விரல்களுக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மொழி விளங்காவிட்டாலும் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கே நிற்கிறாய்? கடைசியில் தாய் ஒரு ஊரின் பெயரைச் சொன்னாள். பாட்டுப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர் என்று மகள் என் காதுக்குள் சொன்னாள். மாரி தொடங்கியதிலிருந்தே அங்கேதானாம், காயப்பட்டவர்களைப் பார்க்க.

மாரி முழுக்க அவர்கள் வாசித்தது தாய் இல்லாத ஊருக்கு.

பிள்ளை அழவில்லை. செயலியில் ஊரை மாற்றினாள். திரை சிவந்தது. மேடையில் அடுத்த பாண்ட் ஏறிவிட்டது. அவள் என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போகவேண்டும். இப்போதே" என்றாள். நான் விபோர்க் தெருக்களில் அப்படி ஒரு நாளும் வான் ஓடியதில்லை. ட்ரம்ஸைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார்கள், பொருத்தினார்கள், தொடங்கினார்கள். இந்த முறை நானும் இறங்கி, கீழ்ப்படியில் இருந்துவிட்டேன். மேலே நிற்க என்னால் முடியவில்லை.

தெரிந்த பாட்டெல்லாம் முடிந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்கள். சிவப்பு மாறவில்லை. பாட்டுப் பிள்ளைக்குத் தொண்டை அடைத்துச் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. என் மகளின் விரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது. நிறுத்து என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. தாயே மாதாவே, ஒருக்கால் பச்சையாக்கு, ஒருக்கால் பச்சையாக்கு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ட்ரம்ஸ் பிள்ளை ஒரு கையால் அடித்தபடி மற்றக் கையால் தாய்க்கு எழுதினாள். முடியும்வரை வாசிக்கிறோம் என்று எழுதினாளாம்.

பதில் வந்தது. அவள் அதைத் தன் மொழியில் வாசித்தாள். கிற்றார் பிள்ளையின் கை நின்றுவிட்டது. பிறகு ட்ரம்ஸ் பிள்ளை எங்களுக்காக டேனிஷில் சொன்னாள்.

"இங்கே அது ஓயாது, மகளே. கை நோகும். நிறுத்து."

இரண்டு தடியையும் அவள் மடியில் வைத்தாள். டெலிபோன் சிவப்பாகவே கிடந்தது. என் மகள் போய் அவளுக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்தாள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. என் காதுக்குள் மட்டும் ட்ரம்ஸ் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

மேலே கதவு திறந்தது. வேலையால் வந்த என் கணவர், சப்பாத்தும் கழற்றாமல், படி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன, முடிஞ்சுதோ?"

"இல்லை" என்றேன். "நிப்பாட்டியிருக்கினம்."