எந்த டிக்கெட் என்று எப்படிக் கேட்பது?

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது சுலபம். யாருக்கு எந்த டிக்கெட் என்று தெரிந்துகொள்வதற்குள் ஆள் பாதியாகிவிடுவான். கூட்டத்தின் நடுவே நின்று, முன்பின் தெரியாதவர்களிடம் சொந்த விஷயத்தைக் கேட்டுப் பிழைக்கிற எல்லோருக்கும் இது புரியும். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஊட்டிக்குப் போகும் காலை பஸ் என்னுடையது. பெண்களுக்கு இலவசம், திருநங்கையருக்கும் இலவசம். ஆனால் இரண்டும் வேறு வேறு டிக்கெட்; மெஷினில் வேறு வேறு பட்டன்.

திரும்பி வந்த டிக்கெட்

வேலைக்கு வந்த புதிது. அருவங்காட்டில் தேவகியம்மா ஏறினார். ஊட்டி மார்க்கெட்டில் பழம் விற்கும் திருநங்கை, ஐம்பது வயதிருக்கும். அவர் மனசு நோகக் கூடாதே என்று பெண்கள் டிக்கெட்டை அடித்து நீட்டினேன். நம்மைப் போல நல்லவன் உண்டா என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு வேறு. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு டிக்கெட்டைப் படித்தார். படித்ததை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“எங்களுக்குன்னு ஒண்ணு வர்றதுக்கு எத்தனை வருசம் நடையா நடந்தோம்னு தெரியுமுங்களா தம்பி? அதைக் குடுங்க.”

இரைச்சல் நின்றபோது

சரி, எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும்போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வினை அங்கேதான் வந்தது.

எஸ்டேட் ஸ்டாப்பில் தினமும் ஏறுவாள் சுபா. அந்தப் பெயர் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஊட்டியில் வர்க்கி பிஸ்கட் போடும் பேக்கரி ஒன்றில் வேலை. ஆண்பிள்ளைச் சட்டை, ஜெர்கின், குல்லா. ஆண்களைப் போலக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால் நின்றுவிடுவாள். அவள் அம்மா சரசக்கா, கேத்திக்குக் கேரட் பிடுங்கப் போகும் பெண்களோடு முன்னால் உட்காருவார். ஒரே வீட்டிலிருந்து வந்து, பஸ்ஸில் யாரோ எவரோ.

ஒரு திங்கட்கிழமை சுபா சுடிதாரில் ஏறினாள். வளைவில் பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. மெதுவாகத்தான் கேட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. குரலைக் கூட்டினேன். எதிரே லாரி வந்து, டிரைவர் வண்டியை நிறுத்தியதும் அதே நொடியில்தான். “திருநங்கை டிக்கெட்டா?” என்ற என் சத்தம் மட்டும் பஸ் முழுக்க நின்றது. முன்னால் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின, சரசக்காவைத் தவிர.

சுபா காசை நீட்டினாள். “எப்பவும் குடுக்கறதையே குடுத்துருங்கண்ணா.”

நாலு நாள்

அதன் பிறகு சுபா ஏறவில்லை. நாலாம் நாள் சரசக்காவிடம் மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“அது ஊட்டுலயே கெடக்குதுங்க. பேக்கரியில வேற ஆள் பாக்கறேங்கறாங்க. இந்த மெசினு சும்மாதானுங்களே இருந்துச்சு, அதக் காட்டிக் கேக்காம நீங்க எதுக்குக் கத்துனீங்க?”

இருபத்திமூன்று

அடுத்த திங்கள் சுபா வந்தாள், சுடிதாரில்தான். மெஷினை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தேன். இரண்டு பட்டனையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெண்கள் டிக்கெட்டுக்கானதை அவளே அமுக்கினாள்.

அருவங்காட்டில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். மெஷினைப் பார்த்தார், பிறகு விரலை நீட்டி நீட்டிப் பெண்களை எண்ணிக்கொண்டே போனார். பெண்கள் டிக்கெட் இருபத்திமூன்று அடித்திருக்கிறது, ஆள் இருபத்திரண்டுதான், அந்த ஒன்று யார் என்று கேட்டார். கம்பியைப் பிடித்திருந்த சுபாவின் விரல்கள் வெளுத்துப்போயின. முன்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரசக்கா மடியிலிருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

“மறுக்கா எண்ணுங்க சார். பின்னாடி கம்பியப் புடிச்சு நிக்கறா பாருங்க, அவ எம்மவ சுபா.”

ஆக, ஒரு பஸ்ஸில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று சரியாக எண்ணிச் சொல்லக் கண்டக்டர் போதாது, செக்கிங்கும் போதாது, கேரட் பிடுங்கப் போகிற யாராவது ஒருவர் கூட வர வேண்டியிருக்கிறது.