காவலுக்கு வைத்த கல்

குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது, இருவர் மட்டும் உட்காரும் அவருடைய தாழ்வான காரை நான் வாங்கினேன். சரள் சாலையில் ஓட்டினால் காலுக்கடியில் கற்கள் படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்கவே வேகமாகப் போவேன்.

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த சமயம். அஞ்சுகிராமம் போகும் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். வண்டி ஏறிவிடாமல் ஓரத்தில் கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நான் வேகத்தைக் குறைக்காமல் அந்த வரிசையை உரசிக்கொண்டு போனேன். அடியில் 'டங்'கென்று ஒரு சத்தம். பின்னால் அலறல்.

நிறுத்திவிட்டு ஓடினேன். நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இடது கண்ணைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். அவளுடைய மகன் என் சட்டையைப் பிடித்தான்.

“ஏலே, ரோடு உனக்க அப்பன் போட்டதா?”

“விடுலே மக்கா! கல்லை ரோட்டுல வச்சது நாமதானே. அவிய என்ன செய்வாவ?” என்றாள் அவள்.

அவன் கையை எடுத்தான். சத்தத்துக்காக நான் உரசியதால்தான் கல் தெறித்தது என்ற உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நானோ, “ஆமாம், ரோட்டில் கல் வைக்கலாமா?” என்றேன்.

அவளை என் காரிலேயே நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த அறுவடையில் அந்த வழியாகப் போனேன். நெல்லைச் சுற்றி ஒரு கல்கூட இல்லை, பனைமட்டைகளைப் போட்டிருந்தார்கள். தவறு தங்களுடையது என்று ஓர் ஊரே நம்பித் திருந்தியிருந்தது. அன்றும் நான் இறங்கி ஒன்றும் சொல்லவில்லை.