நிலையில் ஒரு கறை

பழைய குடியிருப்பின் வாசல் நிலைகளைச் சலவைச் சோடாத் தண்ணீரால் துடைக்கச் சொல்லியிருந்தேன்.

"பெயிண்டை வெரசா பூசாம, நிலைக்குத் தலைக்கு ஊத்தி விடுறீகளே!" என்று பெயிண்டர் சிரித்தார்.

"முதல்ல எண்ணெய்ப் பிசுக்கு போகணும். பிறகு காயணும், உப்புத்தாள் தேய்க்கணும். கடைசியிலதான் பெயிண்டு," என்றேன்.

ஈர மரத்தின் வாடை எழுந்ததும் எங்கள் போடி வீடு கண்முன் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அப்பா ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. சனிக்கிழமைதான் மலையிலிருந்து ஜீப்பில் இறங்குவார். தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்த அம்மா, வாசல் நிலையில் சாய்ந்தபடி அவருக்காகத் தெருவைப் பார்ப்பாள். தலை பட்ட இடம் கறுத்து மினுங்கும்.

அம்மா இறந்த மறுவருடம் சித்தி வந்தாள். அவள் வருகைக்காக அப்பா நிலைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். கழுவவில்லை, தேய்க்கவும் இல்லை. மற்ற இடமெல்லாம் காய்ந்தது. அம்மா தலைசாய்த்த இடத்தில் மட்டும் பிசுபிசுத்து, பிறகு உரிந்தது.

"பாத்தியாடி, அவ இன்னும் அங்கிட்டுத்தேன் நிக்கிறா. உன்னைய உள்ள விடமாட்டா," என்றாள் அத்தை.

"நான் என்ன செஞ்சேன் மதினி?" என்றாள் சித்தி.

அப்பா மறுபடி பூசினார், மறுபடி உரிந்தது. சித்தி தண்ணீருக்குக்கூடக் கொல்லை வழியாகவே போய்வந்தாள். மழைக்கு முன் ராசிங்காபுரத்துத் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அப்பாவும் கூப்பிடப் போகவில்லை.

பெயிண்டர் துடைத்துக் காயவிட்ட நிலையை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுக்கு இல்லை.

போடி வீட்டில் அன்றைக்கும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே சலவைச் சோடா டப்பா இருந்தது.