வைகாசியில் தோண்டிய பிடிகருணை

என் சின்னம்மா பாஞ்சாலையைக் கைராசி இல்லாதவள் என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடி அண்ணாமலையில் அவள் கிணற்றோரம் வைத்த பிடிகருணையைச் சப்புக்கொட்டித் தின்ற நாக்குகள்தான் அப்படிப் பேசின. நன்றி கெட்ட ஜனங்கள்!

பிடிகருணை லேசுப்பட்ட கிழங்கல்ல. தோண்டிய கையோடு சமைத்தால் தொண்டை அரித்தே ஆளைக் கொன்றுவிடும். சித்தப்பா அர்ஜுனன் மாட்டோடு மல்லுக்கட்டுவார்; கிழங்குப் பாத்தி முழுக்கச் சின்னம்மா பாடு. தை மாதம் தோண்டி, மண்ணோடு பரண்மேல் பரப்பிவிடுவாள். நாலு மாதம் கிடந்து காறல் அடங்கினால்தான் அடுப்புக்கு வரும். அரிசி களைந்த தண்ணீரில் வேகவைத்து, தோலுரித்து, புளியும் பச்சை மிளகாயும் சேர்த்து மல்லாட்டை எனும் நிலக்கடலை எண்ணெயில் மசிப்பாள். அந்த மசியலுக்காகக் கல்யாண வீடுகளிலிருந்து அவளைத் தேடி வந்தார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில் கீழ்பென்னாத்தூர் ராஜமாணிக்கம் வீட்டில் அவர் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் பூவாடைக்காரி படையல். சுமங்கலியாகச் செத்துப்போன அவர் பெண்டாட்டி வெள்ளையம்மாளுக்குப் புடவையும் பூவும் வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கிப் படைக்க வேண்டும். அவளுக்கு மசியல் என்றால் உயிர். சின்னம்மா மகள் சரசுவுக்கும் அந்த வீட்டுப் பையன் சகாதேவனுக்கும் தாம்பூலம் மாற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கிழங்குக் கூடையோடு சின்னம்மா, சரசு, நான் மூவரும் போனோம்.

கூடையைப் பார்த்ததும் ராஜமாணிக்கம் முகம் சுளித்தார். "என்னாம்மா இது, செத்த எலியாட்டம் சுருங்கிக் கெடக்குது? அம்பது இலை விழுவுது. நம்ம நெலத்துல தோண்டாம கெடக்குதே!" சகாதேவன் போய்த் தோண்டிக்கொண்டு வந்து கொட்டினான். எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன.

"அண்ணே, இது புதுசுங்க. தொண்டை பிச்சிக்கும்" என்றாள் சின்னம்மா.

"புளிய ஜாஸ்தியா போடு. நான் சொல்றேன்ல?"

சம்பந்தியாகப் போகிறவர். எதிர்த்துப் பேசினால் பெண்ணின் வாழ்க்கை என்னாவது? புதுக்கிழங்கை அள்ளிக் கழுவினாள். ஆனாலும் செத்தவளுக்குப் புதுக்கிழங்கு வைக்க மனம் வரவில்லை. பழையதைத் தனிச் சட்டியில் மசித்துப் படையல் இலையில் வைத்தாள். புதியதைக் குண்டானில் பந்திக்கு மசித்தாள். படைக்கும் முன்னால் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அதனால் ருசி பார்க்கவில்லை. கற்பூரம் காட்டியதும் பந்தி உட்கார்ந்துவிட்டது; மசியலைச் சகாதேவன்தான் பரிமாறினான்.

பாதிப் பந்தியிலேயே பங்காளிகள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். மோர் கொண்டா, தண்ணி கொண்டா என்று ஒரே கூச்சல். நான்தான் கிழங்கு கொடுத்தேன் என்று ராஜமாணிக்கம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், சின்னம்மாவை நடுக்கூடத்தில் நிறுத்தினார். "இவ கை பட்டதே தரித்திரம்! பூவாடைக்காரிக்கே அடுக்கல. இந்தச் சம்பந்தமே வேணாம், போ!"

 சின்னம்மா நேரே போய்ப் படையல் இலையைத் தூக்கிவந்து அவர் எதிரில் வைத்தாள்.

"இது என் கெழங்கு. துன்னுட்டு பேசுங்க."

படையல் சோற்றை எப்படி வேண்டாம் என்பார்? ஒரு வாய் வைத்தார், இன்னொரு வாய் வைத்தார். தொண்டை கமறவே இல்லை.

"அப்ப குண்டான்ல இருந்தது யாரு கெழங்கு?" என்று பங்காளி ஒருவர் கேட்டார்.

"என்னுதுதான்" என்றார் ராஜமாணிக்கம், தரையைப் பார்த்து. உடனே வெட்கமில்லாமல் இளித்தார். "சரி வுடு தங்கச்சி, கோவத்துல ஒரு வார்த்தை வந்துடுச்சி. ஆவணியில முகூர்த்தம் வெச்சிக்கலாம்."

 சின்னம்மா சரி என்று சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்தேன். அதற்குள் சரசு முன்னால் வந்து, தூணோரம் நின்ற சகாதேவனைப் பார்த்தாள். அதுவரை அவனை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"காலையில தோண்டுனதும் நீ, பந்தியில போட்டதும் நீ. ஒரு வாய்கூட நீ துன்னல. எங்கம்மாவ அந்தப் பேச்சு பேசும்போது உன் தொண்டைக்கு என்னா வந்துச்சி?"

அவன் அப்போதும் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தான். மறுநாளே தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.