‘வலது’ என்று நிரப்பினேன்

போன வருடம், மழை விட்டுக் குளிர் தொடங்கியிருந்த சமயம். கோலார் தங்கவயலில் நான் வேலை பார்க்கும் சின்ன மருத்துவமனையில் நடந்தது இது. அங்கே காப்பீட்டு கவுன்ட்டர் என் பொறுப்பு. ஒருவர் சிகிச்சைக்கு வந்தால் அவருக்கு என்ன நோய், என்ன ஆபரேஷன் என்று காப்பீட்டு அலுவலகத்துக்குத் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். பல வருடமாக இதைச் செய்கிறேன். என் வேலையில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்வார், நான் மறுத்ததில்லை.

அதுவரை எங்கள் முறை எளிமையானது. டாக்டர் எழுதிய சீட்டை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புவோம். புரியவில்லை என்றால் அந்தப் பக்கத்திலிருந்து போன் வரும், நான் விளக்குவேன், அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அனுமதி தருவார்கள். திடீரென்று, இனிமேல் மெயிலும் கிடையாது போனும் கிடையாது என்று உத்தரவு வந்தது. எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக, புதிய குறியீட்டு எண்களில் போக வேண்டும். ஹெர்னியா என்றால் மட்டும் போதாது. எந்த இடத்து ஹெர்னியா, இடதா வலதா, முதல் முறையா, திரும்ப வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பம் நகராது. ‘பக்கம் தெரியவில்லை’ என்றும் ஒரு வசதி இருந்தது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும்.

எங்களைத் தயார்ப்படுத்த பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை அனுப்பினார்கள். தினமும் பங்காருபேட்டையில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்து வருவார். ரொம்ப மரியாதைக்காரர், கூட்டுகிற ஆயாவைக்கூட மேடம் என்பார். அவர் சொல்லிக்கொடுத்தபடி பொய் நோயாளிகளை வைத்து ஒத்திகை பார்த்தோம். பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு என் புகுந்த வீட்டார் அத்தனை பேரையும் நோயாளியாக்கினேன். நாத்தனாருக்கு இரண்டு முறை குடல்வால் எடுத்தேன். கம்ப்யூட்டரும் இரண்டு முறையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது, நிரப்பியது உண்மையா என்று பார்ப்பதில்லை என்பது அப்போதே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

டாக்டர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. குறிப்பாக, வாரம் ஒரு நாள் பெங்களூரிலிருந்து வரும் சர்ஜன். கைராசிக்காரர். கையெழுத்தும் பொறுமையும் மட்டும் கொஞ்சம் குறைவு. சீட்டில் பக்கத்தையும் எழுதுங்கள் சார் என்று கேட்டால், ஆபரேஷன் அன்று காலையில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பார்க்கவும் செய்வார். ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைவதற்கு முன் வார்டுக்கு வந்து, நோயாளியைத் தொட்டுப் பார்த்து, பேனாவால் உடம்பில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் கை கழுவப் போவார்.

புதிய முறை தொடங்கிய முதல் நாள், என் கவுன்ட்டருக்கு நந்திதுர்க் சுரங்கப் பக்கமிருந்து ஒரு இளம் பெண் வந்தாள். இடுப்பில் மூன்று வயது ஆண் குழந்தை. கணவருக்கு பெங்களூரில் வேலை, விடியற்காலை ரயிலுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார், அதனால் தனியாக வந்திருக்கிறேன் என்றாள். குழந்தைக்கு அடிவயிற்றில் தொடை சேரும் இடத்தில் ஹெர்னியா. அழுதால், முக்கினால் வீங்கும். சும்மா படுத்திருந்தால் இருந்த இடம் தெரியாது. சர்ஜன் முன்பே பார்த்து, ஹெர்னியா, ஆபரேஷன் என்று மட்டும் கிறுக்கியிருந்தார். பக்கம் எழுதவில்லை.

என் திரையில் அந்தக் கட்டம் சிவப்பாக நின்றது. சர்ஜன் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம்மா வீங்குது என்று கேட்டேன். அவள் தன் வலது பக்க அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினாள்.

“இந்தப் பக்கங்க்கா.”

‘வலது’ என்று நிரப்பினேன். சிவப்பு மறைந்தது. மதியத்துக்குள் அனுமதி வந்துவிட்டது. புதிய முறையில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த முதல் அனுமதி அது. நிர்வாகி எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். பயிற்சியாளர் போனில் வாழ்த்து சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் குழந்தைதான் முதல் கேஸ். புதிய விதிப்படி, நோயாளி படுக்கையில் இருப்பதை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். அதற்காகப் போனை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று வைத்திருந்ததால், பசியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது குழந்தை. கட்டில் மேல் அதை நிற்க வைத்து, எதிரே நின்று சமாதானம் செய்துகொண்டிருந்தாள் அம்மா. வீங்கியிருந்த இடத்தைத் தன் வலது கையால் மெல்ல அழுத்திப் பிடித்திருந்தாள்.

போட்டோ எடுத்துவிட்டேன். கிளம்பவும் திரும்பிவிட்டேன். அப்புறம்தான் என்னவோ உறுத்தியது. குழந்தைக்கு சலைன் ஊசி இடது கையில் போட்டிருந்தார்கள். அந்தக் கை இருந்த பக்கம்தான் வீக்கமும் இருந்தது.

மறுபடி பார்த்தேன். குழந்தைக்குப் பின்னால் போய், அது பார்க்கும் திசையிலேயே நின்று பார்த்தேன். இடது பக்கம். சந்தேகமே இல்லை. எந்தப் பக்கம்மா என்று மீண்டும் கேட்டேன். அன்றைக்கே காட்டினேனே என்று அதே வலது கையால் தன் வலது பக்கத்தைத் தொட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தினமும் குளிப்பாட்டும்போதும் உடுத்தும்போதும் அவள் குழந்தைக்கு எதிரே நிற்கிறாள். குழந்தையின் இடது பக்கம் அவளுடைய வலது கைக்கு நேராக வருகிறது. வீக்கம் தன்னுடைய எந்தக் கைப் பக்கம் தெரிகிறதோ, அந்தப் பக்கத்தையே தன் உடம்பில் காட்டியிருக்கிறாள். அவள் காட்டியதை நான் அப்படியே குழந்தையின் உடம்புக்கு மாற்றிவிட்டேன்.

மாடியில் இருக்கும் தியேட்டருக்கு ஓடினேன். அன்று சர்ஜனின் கார் வழியில் நெரிசலில் மாட்டி, அவர் தாமதமாக வந்திருந்தார். வார்டுக்கு வராமல் நேரே மாடிக்குப் போய்விட்டார். வாசலில் நின்ற சிஸ்டர் என்னை உள்ளே விடவில்லை. அன்றைய பட்டியலைக் காட்டினார். அனுமதியிலிருந்து கம்ப்யூட்டரே எடுத்து அச்சடித்த பட்டியல். அதில் வலது என்று தெளிவாக இருந்தது. அப்ரூவலும் வலதுக்குத்தானே வந்திருக்கு, நீங்கதானே போட்டீங்க என்றார். ஆமாம், நான்தான் போட்டேன், தப்பாகப் போட்டேன் என்று அந்த வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன்.

சத்தம் கேட்டு சர்ஜன் ஈரக் கையோடு வெளியே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே என்னோடு படியிறங்கினார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை அழுது ஓய்ந்து, அம்மா தோளில் சாய்ந்து கிடந்தது. படுக்க வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வீக்கம் உள்ளே போய்விட்டது. டாக்டர் இரண்டு பக்கமும் விரலால் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. நான் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்துவிட்டால் குழந்தை அழப்போவதில்லை, வீக்கமும் வெளியே வரப்போவதில்லை. அப்புறம் அந்தப் பட்டியல் சொல்வதுதான் உண்மை.

அழ வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவைக் கதவுக்கு வெளியே போகச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கிப் போனாள். அவ்வளவுதான். குழந்தை முகத்தைக் கோணி, மூச்சு பிடித்து, கட்டடமே அதிரும்படி அழுதது. டாக்டர், இரண்டு நர்சுகள், நான், எல்லோரும் குனிந்து அந்தப் பிஞ்சு வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு குழந்தையின் அழுகைக்காக அவ்வளவு ஆசையாக நான் காத்திருந்ததே கிடையாது. இடது பக்கத்தில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மெல்லப் புடைத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த இடத்தில் அம்புக்குறி போட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“முன்னே எல்லாம் சீட்ல பக்கம் இருக்காது. அதனால நானே வந்து பாப்பேன். இன்னிக்கு பிரின்ட்ல இருந்துச்சு, நம்பிட்டேன்.”

அதில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அது அறைந்தது போல இருந்தது.

ஆபரேஷன் இடது பக்கம் நடந்தது, நல்லபடியாக முடிந்தது. வலதுக்கு வாங்கிய அனுமதி செல்லாது என்று அது திரும்பி வந்ததும், விளக்கம் எழுதி எழுதி என் கை ஓய்ந்ததும் தனிக் கதை. நிர்வாகி கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று மத்தியானம் அந்த அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதற்குக் காரணம் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்று தோன்றியது. கேட்டதும் அவள் கத்துவாள், சண்டைக்கு வருவாள் என்று என்னைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். அவள் தூங்கும் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

“இன்னாக்கா, நான் தப்பா காட்டிட்டனா?”

அவள் கண் கலங்கியிருந்தது. இல்லம்மா, நீ சரியாத்தான் காட்டினே, நான்தான் பிள்ளையைப் பார்க்கல என்றேன். எழுந்து வந்துவிட்டேன். பிள்ளை அன்று அவள் இடுப்பிலேயே இருந்தது. என் உயரமான கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில். நாற்காலியை விட்டு எழுந்திருந்தாலே போதும், தெரிந்திருக்கும்.

பயிற்சியாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகு நேரம் கேட்டுவிட்டு, இனி போகும் ஆஸ்பத்திரிகளில் இதை முதல் பாடமாகச் சொல்கிறேன் மேடம் என்றார். எங்கள் இடத்தில் இப்போது பக்கத்தை டாக்டர் தொட்டுப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடும் வரை எந்த விண்ணப்பமும் போகாது. தாமதமாகிறது என்று நிர்வாகி முகம் சுளிப்பார், நான் கண்டுகொள்வதில்லை. சர்ஜனும் பட்டியலில் என்ன அச்சாகியிருந்தாலும் பேனாவோடு முதலில் வார்டுக்குத்தான் வருகிறார்.

புதிய முறையை நான் குறை சொல்லவில்லை, அது கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தால் யாராவது ஒருவர் குழந்தையைப் போய்ப் பார்த்திருப்பார், நான் நிரப்பி வைத்ததால்தான் யாருமே பார்க்கவில்லை என்பதை இன்றைக்கும் ஒவ்வொரு முறை கவுன்ட்டரில் உட்காரும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.