ஐஸ் வைத்த தண்ணீர்

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் தண்ணீர் எல்லாம் ஐஸில்தான் வரும். கிணறோ குழாயோ ஹோட்டல் தொட்டியோ, பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவராவிட்டால் வழியிலேயே பாக்டீரியா பெருகிவிடும். எங்கள் ஆட்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். மூளையைத் தாக்கும் அமீபாவுக்கு மட்டும் நேர்மாறு. அதற்குக் குளிர் ஆகாது. ஐஸில் வைத்தால் பாட்டிலிலேயே செத்துப்போகும், பிறகு எந்த மைக்ராஸ்கோப்பில் தேடினாலும் கிடைக்காது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அந்தக் கோடையில், ஊரின் ஓரத்தில் உள்ள ஏரியில் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் வந்து மிதிபடகில் சுற்றும், கரையோரம் குளிக்கும் ஏரி அது. படகுச் சக்கரத்தில் கொடி சிக்கினால் முங்கி எடுத்துவிடுவது அவருடைய வேலை. தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முதுகுத்தண்டு நீரில் அமீபா இருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூக்கு வழியாகத்தான் அது உள்ளே போகும். ஏரியிலிருந்தும் போயிருக்கலாம், வீட்டில் குளித்த தண்ணீரிலிருந்தும் போயிருக்கலாம். ஏரியை நடத்துகிறவர்கள் கொஞ்சமும் யோசிக்காமல் வீட்டைக் காட்டினார்கள்.

வீடு ஆரியசாலைக் கடைகளுக்குப் பின்னால், வரிசை வீடுகளில் ஒன்று. எல்லை தாண்டி, வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவருடைய மனைவி ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தமிழ் பேசும் மேடம் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தாள்.

“குளிக்க ரூம்புல இருக்க தொட்டிய நான் ஒழுங்கா கழுவாததாலதான் அவரு போயிட்டாராம், எல்லாரும் சொல்லுதாங்க. தண்ணியில ஒண்ணுமில்லன்னு வந்தாத்தான் இருக்க விடுவேங்காரு வீட்டுக்காரரு. இல்லன்னா காலி பண்ணணுமாம்க்கா.”

நான் பாட்டிலைக் கொடுத்து, “ஃப்ரிட்ஜ்ல வைக்கப்படாது. ஐஸ் கூடவே கூடாது, வச்சா அது செத்துப்போயிடும், ஒண்ணும் தெரியாது. வெயிலும் படாம, எடுத்த கையோட கொண்டு வந்துடு” என்றேன்.

அப்படியே செய்தாள். துண்டில் சுற்றி, பஸ்ஸில் சோற்றுத் தூக்கை வைத்துக்கொள்வதுபோல மடியில் நேராக வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஏரித் தண்ணீரை எடுத்துவரப் போனவர் எங்கள் ஆபீஸ்காரர். நல்ல மனிதர். பாட்டிலைத் தொட்டதும் எனக்கு விரல் மரத்தது.

“பெட்டியில் ஐஸ் கொறவாயிருந்நு மேடம். அவிடுத்தெ ஜூஸ் கடைக்காரன் நிறச்சு தந்நு” என்றார். ஜூஸ் கடையில் ஐஸ் நிரப்பி வாங்கிவந்த பெருமை முகத்தில். வேண்டாம் என்று காலையில்தான் சொல்லியிருந்தேன். கை பழகிய வழியில் போய்விட்டது.

இது செல்லாது, வேறு எடுக்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் போனேன். வேறு பிறகு எடுக்கலாம், வந்ததற்கு முதலில் ரிசல்ட் கொடு என்றார். மறுபடி எடுக்கப் போனபோது கரையோரம் முழுக்கக் கோலமாவு கொட்டியதுபோல பிளீச்சிங் பவுடர். அடுத்த வாரம் மழையும் பிடித்துக்கொண்டது, இனி எடுத்துப் பயனில்லை.

அமீபா வளர்கிறதா என்று ஏரித் தண்ணீரை வைத்த தட்டில் ஒன்றுமே இல்லை. அவளுடைய தண்ணீரில் ஊர்ந்தது. அமீபாதான், ஆனால் எந்த வகை என்று எங்களால் சொல்ல முடியாது. ஒன்றும் செய்யாத சாது வகைகள் எந்தத் தொட்டியிலும் இருக்கும். மரபணுச் சோதனைக்கு வெளியூர் அனுப்பினோம். அதுவரைக்கும் ஏரிக்கு ‘கண்டறியப்படவில்லை’, அவள் தொட்டிக்கு ‘அமீபா உள்ளது, வகை உறுதியாகவில்லை’. ஐஸ் விவரத்தையும் கீழே எழுதினேன். எழுதி என்ன, யார் கீழே வரை படிக்கிறார்கள்? சொன்னபடி செய்தவள் மாட்டிக்கொண்டாள்.

மனசு கேட்காமல் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். மொத்தக் கடை வைத்திருக்கும் நம் தமிழ் ஆள்தான். “இது எங்கேயும் இருக்கும். உங்க ஆத்துத் தொட்டியிலயும் இருக்கும்” என்றேன்.

“நம்ம வீட்டுத் தண்ணியப் பத்திப் பறையாதீங்க மேடம்” என்று எழுந்துகொண்டார். காபி சொல்லியிருந்தார், அது வரவேயில்லை.

அவள் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனாள். மூடிவைத்திருந்த ஏரியைத் திறந்தார்கள். வாசலில் ‘பரிசோதிக்கப்பட்ட நீர்’ என்று பெரிய போர்டு. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தப் பரிசோதனையைச் செய்தவள் நான்தானே.

வெளியூர் ரிசல்ட் ஒரு வழியாக வந்தது. அவள் தொட்டியில் இருந்தது சாது வகை, ஆளைக் கொல்லாதது. உடனே போன் போட்டேன். பின்னால் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப அந்த ஏரித் தண்ணியில இருந்துச்சாக்கா?”

“தெரியாதும்மா. அதைத்தான் எங்க ஆபீஸ்காரர் ஐஸ்ல வச்சுக் கொண்டுவந்துட்டாரே. இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”

கோபமே இல்லாமல், சமையலில் ஒரு பக்குவம் கேட்பதுபோலக் கேட்டாள்.

“அப்ப நானும் ஐஸு வச்சுக் கொண்டாந்திருக்கணும், இல்லக்கா?”