தனபால் அண்ணனும் அந்த இருநூறு வோல்ட் டிரையாக்கும்

தனபால் அண்ணன் போய்விட்டார். இன்று காலை அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

அதோடு இன்னொன்றும் சொன்னாள். அதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"அப்பா அடிக்கடி சொல்லுவாரு ஆன்ட்டி... நீங்க கரெக்டா நானூறு வோல்ட்டுன்னுதான் எழுதிக் குடுத்தீங்களாம். கடைல இல்லன்னு இவர்தான் இருநூறு வாங்கினு வந்தாராம். அத ஒங்க கிட்ட சொல்லவேயில்லன்னு வருத்தப்படுவாரு."

இல்லையே... இருநூறு என்று எழுதியது நான்தானே?

எழுபதுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. நான் டிப்ளமோ முடித்துவிட்டுத் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருவேன். கொரட்டூர்க்காரரான தனபால் அண்ணனுக்குப் பக்கத்து மேஜையில் சால்டரிங் வேலை. டீ வந்தால் என் டம்ளரை வாங்கி வைத்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுப்பார்.

பூந்தமல்லியில் சினிமா கொட்டகை வைத்திருந்த ஒருவர், படம் தொடங்கும்போது விளக்குகள் மெதுவாக மங்க வேண்டும் என்று டிம்மர் கேட்டார். முதலாளி ஓர் அமெரிக்கப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். அதிலிருந்த சர்க்யூட் 110 வோல்ட்டுக்கு. நம் ஊரில் 230.

ரெசிஸ்டன்ஸை ஏற்றினேன். கெபாசிட்டரை மாற்றினேன். கரண்ட்டைத் திறந்து மூடுகிற டிரையாக் மட்டும்... நானூறு வோல்ட் தாங்குவதைக் கேட்காமல், பத்திரிகையில் இருந்த இருநூறு வோல்ட்டையே லிஸ்டில் எழுதிவிட்டேன். இத்தனை வருஷமாக எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

அண்ணன் ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து மாட்டினார். வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வேரியாக்கில் 110 வரை வைத்துப் பார்த்தோம். பல்பு அழகாக மங்கியது.

"இன்னாம்மா, கொட்டகைக்காரரு நம்மள ஓசில படம் பாக்க வுடுவாரா?" என்று சிரித்தார். அதற்குள் கரண்ட் கட். 230இல் வைத்துப் பார்க்கவே இல்லை.

மறுநாள் கொட்டகைக்காரர் எதிரில் நேராக லைனில் சொருகினோம். குமிழை எப்படித் திருப்பினாலும் பல்பு மங்கவில்லை, முழுசாக எரிந்தது. அப்புறம் டப்பென்று ஒரு சத்தம், புகை... அவர் எழுந்து போய்விட்டார்.

"யாருய்யா இந்தப் பார்ட்டப் போட்டது?" முதலாளி கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நான்தான் சார். என் தப்புதான். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் வேலை போனது. என் வேலை இருந்தது.

எனக்காகத்தான் பழியை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி நான்கு பேர்... சரி, அது வேறு.

ஒரு வருஷம் கழித்து அம்பத்தூர் ஸ்டேஷனில் பார்த்தேன். சொந்தமாக ரேடியோ ரிப்பேர் கடை போட்டிருப்பதாகச் சொன்னார்.

"அண்ணே, அன்னைக்கு அந்த டிரையாக்..." என்று ஆரம்பித்தேன். முகம் மாறிவிட்டது.

"அத்த வுடும்மா. வண்டி வந்துட்சி பாரு, ஏறு."

வண்டி வந்திருக்கவில்லை.

அன்று முதலாளியிடம் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தேன். இப்போது தெரியவில்லை. நானூறு என்றுதான் எழுதினேனா? இல்லை, பெற்ற மகளிடமும் எனக்காகப் பொய் சொன்னாரா?

அவளிடம் "அப்படியாம்மா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்களாம். கொரட்டூருக்குப் போகிறேன்.

அண்ணே... போய் வாங்க.